வன்மர டெக்கில் ஈரத்தால் வரும் விரிவு: இடைவெளி கணக்கிடுவது முதல் இறுகிய தளத்தைச் சீராக்குவது வரை

தேக்கு, இப்பே, மெர்பாவ், ஜாரா போன்ற வன்மரப் பலகைகளால் அமைத்த வெளிப்புறத் தளம் கோடையில் ஒழுங்காக இருந்துவிட்டு, தொடர்மழை வந்ததும் பலகைகள் ஒன்றோடொன்று முட்டி, விளிம்புகள் மேலெழுந்து, ஓரிரு இடங்களில் திருகுகளையும் பிடுங்கிக்கொண்டு கிளம்புவது அடிக்கடி நடக்கிறது. மரம் மட்டம் என்றோ வேலை மோசம் என்றோ உடனே பழி விழுகிறது. பெரும்பாலும் இரண்டும் காரணமில்லை. பலகையைப் பொருத்திய நாளில் அதற்குள் எவ்வளவு ஈரம் இருந்தது, பின்னர் எவ்வளவுக்கு உயரப்போகிறது என்று பார்க்காமல், வழக்கமாக விடும் இடைவெளியை அப்படியே விட்டதுதான் காரணமாக இருக்கிறது. விரியும் மரத்தை எந்தத் திருகாலும் பசையாலும் அடக்கிவிட முடியாது. அது விரிவதற்கு இடத்தைக் கணக்கிட்டு ஒதுக்குவது ஒன்றே வழி. புதிதாகத் தளம் அமைப்பவர் முதல் படியிலிருந்து தொடங்கலாம். ஏற்கெனவே இறுகிப்போன தளத்தை வைத்துக்கொண்டிருப்பவர் முதல் இரண்டு படிகளைப் படித்துவிட்டு நேராக ஏழாம் படிக்குச் செல்லலாம்.

படி 1: மரம் எந்தப் பக்கம் விரிகிறது என்பதை அறிதல்

வெட்டிய மரத்தில் நீர் இரண்டு நிலைகளில் இருக்கிறது. செல்களின் உட்குழிவில் தங்கும் நீர் வெளியேறும்போது எடை குறையுமே தவிர அளவு மாறாது. செல் சுவர்களுக்குள் ஊறியிருக்கும் நீர் கூடினாலும் குறைந்தாலும்தான் மரம் உப்பவோ சுருங்கவோ செய்கிறது. உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டால், செல் சுவர்கள் முழுதும் நிரம்பும் எல்லை சுமார் 28 முதல் 30 சதவீத ஈரம். அதற்கு மேல் எத்தனை நாள் நனைந்தாலும் பலகை மேலும் அகலமாவதில்லை. கூரையில்லாத தளத்தின் அசைவு, அதாவது மரம் உப்புவதும் சுருங்குவதும், முழுவதும் இந்த எல்லைக்குக் கீழேதான் நடக்கிறது.

மூன்று திசைகளிலும் அசைவு ஒரே அளவில் இருப்பதில்லை. நீளவாக்கில் அது மிகக் குறைவு: முழுப் பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை 0.1 முதல் 0.2 சதவீதம். ஆண்டு வளையத்துக்குக் குறுக்கே, அதாவது நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் ஆரத்திசையில், நடுத்தரமாக இருக்கும். வளையத்தை ஒட்டிச் செல்லும் தொடுதிசையில்தான் மிகுதி. ஆரத்திசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது பொதுக் கணக்கு. தேக்கு பச்சையிலிருந்து முற்றிலும் உலரும்போது ஆரத்திசையில் சுமார் 2.5 சதவீதமும் தொடுதிசையில் சுமார் 5.8 சதவீதமும் சுருங்குகிறது. இப்பே மரத்துக்கு அதே அளவுகள் சுமார் 6.6, 8.0. தேக்கு அடங்கி நிற்கும் மரம் என்று தச்சர்கள் சொல்வதற்கு இந்த எண்களே ஆதாரம். அடர்த்தியும் உறுதியும் மிகுந்த மரம் குறைவாகத்தான் அசையும் என்று பலர் எண்ணுகிறார்கள், ஆனால் உண்மை பல நேரங்களில் நேர்மாறானது. அடர்த்தியான மரம் மெதுவாக ஈரம் வாங்கும்; வாங்கி முடித்தபின் மிகுந்த விசையோடு விரியும்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யும் பலகைகள் வெயிலின் சூட்டில், முக்கியமாக நீளவாக்கில், விரிகின்றன. இயற்கை மரத்தில் சூட்டால் வரும் விரிவு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவே. அது ஈரத்தால், அகலவாக்கில் விரிகிறது. ஒன்றுக்கு எழுதிய பொருத்தும் விதியை மற்றொன்றுக்குப் பின்பற்றினால் பலகையின் முனையில் தேவையற்ற இடைவெளியும் பக்கவாட்டில் போதாத இடைவெளியும் கிடைக்கும்.

படி 2: ஈரத்தை அளத்தல்

இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தி மின்தடையைக் கொண்டு ஈரத்தைக் காட்டும் மீட்டர் இந்த வேலைக்குப் போதுமானது. சுமார் 6 முதல் 28 சதவீதம் வரை அதன் அளவை நம்பலாம். அதற்கு மேல் காட்டும் எண்ணை ‘நனைந்திருக்கிறது’ என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மீட்டரில் மரவகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் அதைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும், ஏனெனில் ஒரே ஈரத்தில் வெவ்வேறு மரங்கள் வெவ்வேறு மின்தடையைத் தருகின்றன. உப்புச்சத்துள்ள பாதுகாப்பு மருந்து ஏற்றிய மரத்தில் மீட்டர் உண்மையைவிட உயர்ந்த அளவைக் காட்டலாம்.

எங்கே குத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பலகையின் முனை மற்ற இடங்களைவிட மிக வேகமாக ஈரத்தை வாங்கி விடுவதால், முனையிலிருந்து குறைந்தது அரை மீட்டர் உள்ளே தள்ளி அளக்க வேண்டும். ஊசி மேற்பரப்பை மட்டும் தொட்டால் நேற்றைய மழையோ இன்றைய வெயிலோதான் தெரியும். தடிமனில் நான்கில் ஒரு பங்கு ஆழத்துக்குச் சென்றால் பலகையின் சராசரிக்கு நெருக்கமான எண் கிடைக்கும். வன்மரத்தில் ஊசி இறங்காது என்பதால், இரண்டு சிறு துளைகளை முதலில் போட்டு அவற்றில் ஊசியை அழுத்தலாம், அல்லது பக்கவாட்டு உறையிட்ட நீண்ட ஊசிகளைச் சுத்தியலால் இறக்கலாம். கட்டுக்கட்டாக வந்த பலகைகளில் மேலே கிடப்பதை மட்டும் பார்க்காமல், நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து, பத்துப் பலகைக்குக் குறையாமல் அளந்து எழுதி வைக்க வேண்டும். பலகைக்குப் பலகை 4 அல்லது 5 சதவீத வேறுபாடு தெரிந்தால் அந்தக் கட்டு இன்னும் பொருத்தும் நிலைக்கு வரவில்லை.

மீட்டரில் சந்தேகம் இருந்தால் பழைய வழி ஒன்று உண்டு. ஒரு சிறு துண்டை வெட்டி எடை பார்த்து, 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, மீண்டும் எடை பார்த்து, இழந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரச் சதவீதம் வந்துவிடும்.

அடுத்து, பலகை எந்த அளவுவரை போகும் என்பதை அறிய வேண்டும். மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப ஒரு சமநிலையை அடைகிறது. 20 டிகிரி வெப்பத்தில் காற்றின் சார்ந்த ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரம் சுமார் 9 சதவீதத்திலும், 65 சதவீதத்துக்குச் சுமார் 12-லும், 80 சதவீதத்துக்குச் சுமார் 16-லும், 90 சதவீதத்துக்குச் சுமார் 20-லும் நிற்கும். நேரடி மழை படும் பலகை இதையும் தாண்டலாம். ஆகவே தளம் அமையும் இடத்தில் மிக ஈரமான மாதங்களின் காற்றுநிலையையும் மிக வறண்ட மாதங்களின் காற்றுநிலையையும் தனித்தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுச் சராசரி இங்கே எதற்கும் உதவாது.

படி 3: இடைவெளியைக் கணக்கிடுதல்

கணக்கு எளிது. பலகையின் அகலத்தை, எதிர்பார்க்கும் ஈர மாற்றத்தாலும், அந்த மரத்துக்குரிய அசைவு விகிதத்தாலும் பெருக்க வேண்டும். தொடுதிசைச் சுருக்கத்தை 30-ஆல் வகுத்தால், ஈரம் 1 சதவீதம் மாறும்போது அகலம் எத்தனை சதவீதம் மாறும் என்பது ஏறக்குறையக் கிடைக்கும். தேக்குக்கு 0.19, இப்பேக்கு 0.27. மரம் எதுவென்று உறுதியாகத் தெரியாதபோது 0.3 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

140 மி.மீ. அகலமுள்ள, 10 சதவீதம் வரை சூளையில் உலர்த்திய பலகை ஒன்று மழைக்காலத்தில் 20 சதவீதத்தை எட்டுகிறது என்று கொள்வோம். விகிதம் 0.3 என்றால், 10 × 0.3 × 140 ÷ 100, அதாவது ஒவ்வொரு பலகையும் 4.2 மி.மீ. அகலமாகும். 3 மி.மீ. இடைவெளி விட்டிருந்தால் ஒவ்வொரு பலகைக்கும் 1.2 மி.மீ. இடம் போதவில்லை. ஒன்றைப் பார்த்தால் இது அற்பமாகத் தோன்றும். 25 பலகைகள் கொண்ட தளத்தில் அது 30 மி.மீ. ஆகிவிடுகிறது. இந்த 30 மி.மீ.தான் கடைசிப் பலகையைச் சுவரில் ஏற்றுகிறது, ஓரச் சட்டத்தை வெளியே தள்ளுகிறது, திருகை முறிக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அதே பலகையை 22 சதவீத ஈரத்தோடு, 5 மி.மீ. இடைவெளியில் பொருத்திவிட்டால், அது 12 சதவீதத்துக்கு உலரும்போது 4.2 மி.மீ. சுருங்கி, இடைவெளி 9 மி.மீ.க்கு மேல் திறந்துகொள்ளும். நாற்காலிக் காலும் செருப்பின் குதியும் சிக்கும் அளவு அது. எனவே உலர்ந்த பலகைக்கு அகன்ற இடைவெளி, ஈரமான பலகைக்குக் குறுகிய இடைவெளி என்பதே முறை. எந்தப் பலகைக்கும் பொருந்தும் ஒற்றை எண் கிடையாது. நான் பின்பற்றச் சொல்லும் இலக்கு ஒன்றுதான்: தளம் மிக ஈரமாக இருக்கும் நாளிலும் பலகைகளுக்கிடையே 2 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். அதற்கும் குறைந்தால் நீர் வடியாது, சருகும் மண்ணும் அடைத்துக்கொள்ளும், அடைத்த மண் ஈரத்தைப் பிடித்துவைத்து விரிவை இன்னும் கூட்டும். மேலே சொன்ன 10 சதவீதப் பலகைக்கு இந்தக் கணக்கில் 6 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகவே விட வேண்டியிருக்கும்.

அது பார்வைக்கு அகலமாகத் தெரிகிறது என்று நினைப்பவர் 90 மி.மீ. பலகைகளைத் தேர்ந்தெடுக்கலாம். அதே நிலையில் அவை 2.7 மி.மீ. மட்டுமே விரியும். அகலப் பலகை கண்ணுக்கு அழகு என்பதில் மறுப்பில்லை. ஆனால் ஈர மாற்றம் மிகுந்த இடத்தில் குறுகிய பலகையே அறிவான தேர்வு என்பது என் கருத்து. வளையங்கள் பலகையின் முகத்தோடு ஏறக்குறைய இணையாகக் கிடக்கும்படி அறுத்தால், அகலம் தொடுதிசையில் அமைவதால் அசைவு மிகும். முனையில் பார்க்கும்போது வளையங்கள் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை குறைவாக அசையும், குறைவாக வளையும், விலையும் கூடும்.

நீளவாக்கில், 3 மீட்டர் பலகை 10 சதவீத ஈர மாற்றத்துக்கு 1 முதல் 2 மி.மீ. மட்டுமே நீளும். முனையோடு முனை சேரும் இடத்தில் 3 மி.மீ. விட்டால் போதும். சுவர், தூண், படிக்கட்டு போன்ற அசையாத எதையும் பலகையின் பக்கவாட்டு தொடாதபடி குறைந்தது 10 மி.மீ. விட வேண்டும். மிக அகன்ற தளமாக இருந்தால் அதை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து, இடையில் இரட்டைத் தாங்குசட்டம் வைத்து, விரிவு ஒரே பக்கம் குவியாமல் பார்த்துக்கொள்ளலாம்.

படி 4: பலகைகளை அந்த இடத்துக்குப் பழக்குதல்

வந்திறங்கிய பலகைகளைத் தரையில் படாமல் உயர்த்தி, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே ஒரே தடிமனுள்ள ரீப்பர்களை நேர்கோட்டில் வைத்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும். பிளாஸ்டிக் தாளால் முழுதும் சுற்றிக் கட்டுவது உள்ளே வியர்வையைச் சேர்க்கும். எத்தனை நாள் என்று கேட்டால், மீட்டர் எண் மாறாமல் நிற்கும்வரை என்பதே பதில். அடர்த்தியான மரத்துக்கு அது வாரக் கணக்கில் ஆகும். ஏர்கண்டிஷன் அறையில் வைத்துப் பழக்கிய பலகையை வெளியே பொருத்துவதில் எந்தப் பயனும் இல்லை.

படி 5: அடிப்பகுதியைக் காற்றோட்டமாக அமைத்தல்

இடைவெளியைச் சரியாகக் கணக்கிட்ட தளமும் கெட்டுப்போவது இங்கேதான். மேற்பக்கம் வெயிலில் காய்கிறது, அடிப்பக்கம் மண்ணின் ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கிறது. அடி விரிய, மேல் சுருங்க, பலகையின் இரு விளிம்புகளும் உயர்ந்து நடுவில் குழி விழுகிறது. மேற்பரப்பில் எத்தனை முறை எண்ணெய் தடவினாலும் இது நிற்காது, ஏனெனில் நோய் அடியில் இருக்கிறது.

பலகையின் அடிக்கும் தரைக்கும் குறைந்தது 300 மி.மீ., முடிந்தால் 450 மி.மீ. வெற்றிடம் இருக்கட்டும். அடியில் உள்ள தரை சாய்வாக இருந்து நீரை வெளியேற்ற வேண்டும். பள்ளத்தில் தேங்கும் நீர் ஒரு தளத்தின் பாதியை மட்டும் வளைத்துவிடுவது உண்டு. அழகுக்காகத் தளத்தின் நான்கு பக்கமும் பலகை அடித்து மூடினால், எதிரெதிர்ப் பக்கங்களில் காற்று நுழைந்து வெளியேறும் திறப்புகளை விட வேண்டும். இவ்வளவு உயரம் கிடைக்காத மொட்டைமாடி போன்ற இடங்களில், தாங்குசட்டங்களை நீர் ஓடும் திசைக்கு இணையாக அமைத்து, குறுகிய பலகையையும் அசைவு குறைந்த மரத்தையும் தேர்ந்தெடுத்து, வளைவு ஓரளவு வரும் என்று ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

தாங்குசட்டங்களின் மேல்முகத்தில் தார்ப்பட்டை ஒட்டினால், திருகுத் துளை வழியாக இறங்கும் நீர் சட்டத்தை அழுகவைக்காது.

ஆண்டு வளையத்தின் பட்டைப்பக்கம் மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்ற வாதம் முடிவில்லாதது. உலரும்போது பட்டைப்பக்கம் குழியும், ஈரமாகும்போது அதற்கு எதிராக நடக்கும் என்பதால், இரு கட்சிக்கும் நியாயம் உண்டு. வெளித்தளத்தில் மேலுக்கும் கீழுக்குமுள்ள ஈர வேறுபாடு வளையத்தின் விளைவை எளிதில் மிஞ்சிவிடுகிறது. குறையில்லாத முகத்தை மேலே வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

படி 6: பொருத்துதல்

ஒவ்வொரு தாங்குசட்டத்திலும் பலகைக்கு இரண்டு திருகுகள். விளிம்பிலிருந்து 20 முதல் 25 மி.மீ. உள்ளே. முன்துளை இல்லாமல் வன்மரத்தில் திருகினால் திருகு முறியும் அல்லது பலகை பிளக்கும். பலகையில் போடும் துளை திருகின் தண்டைவிடச் சற்றே பெரிதாக இருந்தால், பலகை விரியும்போது திருகு சிறிது நகர இடம் கிடைக்கும். சாதாரண இரும்புத் திருகு மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கருநீலக் கறையை உண்டாக்கும். 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு வேண்டும், கடலோரத்திலும் நீச்சல்குளத்தருகிலும் 316 வகை வேண்டும்.

பக்கவாட்டுக் காடியில் மறைந்து நிற்கும் கிளிப்புகள் அழகானவை, ஆனால் இடைவெளியை அவையே முடிவுசெய்துவிடுகின்றன. 3 மி.மீ. கிளிப்பை 140 மி.மீ. பலகைக்கு வைத்துவிட்டுப் பின்னர் வருந்துவதைவிட, மூன்றாம் படியின் கணக்கைப் போட்டு, விடை கிளிப்பின் அளவுக்குள் வந்தால் மட்டும் வாங்குவது நல்லது.

அறுத்த முனைகள் ஒவ்வொன்றுக்கும் அன்றே மெழுகுப் பூச்சு தேவை. எண்ணெய் பூசுவதாக இருந்தால், பொருத்துவதற்கு முன்பே நான்கு பக்கமும் பூச வேண்டும். எண்ணெய் ஈரத்தின் வேகத்தைக் குறைக்குமே தவிர ஈரத்தைத் தடுக்காது.

படி 7: இறுகிப்போன தளத்தை ஆராய்தல்

பலகைகள் மேலெழுந்து நிற்கும்போது உடனே தேய்க்கும் இயந்திரத்தைக் கொண்டுவருவது பெருந்தவறு. ஈரமான நேரத்தில் உயர்ந்த விளிம்புகளைத் தேய்த்துச் சமமாக்கினால், அடிப்பக்கம் உலர்ந்தபின் நடு உயர்ந்து விளிம்பு தாழ்ந்துவிடும். இழந்த தடிமன் திரும்பாது. பலகையின் மேற்பக்க, அடிப்பக்க ஈர அளவுகள் 2 சதவீதத்துக்குள் நெருங்கும்வரை தேய்க்கும் பேச்சே வேண்டாம்.

முதலில் குனிந்து பார்க்க வேண்டும். மெல்லிய அட்டைத் துண்டு ஒன்றைப் பலகைகளுக்கிடையே செருகிக்கொண்டே போனால், அது நுழையாத இடங்களில்தான் அழுத்தம் இருக்கிறது. திருகின் தலைகளையும் கவனிக்க வேண்டும்: தலை ஒரு பக்கம் சாய்ந்து, அதன் ஓரத்தில் பிறை வடிவில் மரம் நசுங்கியிருந்தால், அந்தப் பிறை இருக்கும் திசைக்கு எதிர்த்திசையில் பலகை தள்ளப்பட்டிருக்கிறது. பல திருகுகளின் பிறைகளை வரிசையாகப் பார்த்தால் விரிவு எங்கே தொடங்கி எந்தச் சுவரை நோக்கிப் போகிறது என்பது விளங்கிவிடும். ஓரப் பலகை சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இடைவெளி இருந்தும் பலகைகள் குழிந்திருந்தால் குறை காற்றோட்டத்தில். குழியில்லாமல் பலகைகள் முட்டிக்கொண்டிருந்தால் குறை இடைவெளியில். இரண்டும் சேர்ந்திருந்தால் காற்றோட்டத்தை முதலில் சரிசெய்து, சில வாரம் உலரவிட்டு, அதன்பிறகு இடைவெளியைத் தொட வேண்டும்.

படி 8: அழுத்தத்தை நீக்கி மறுபடி பொருத்துதல்

அழுத்தம் மிகுந்த இடத்தில் ஒரு பலகையைக் கழற்றினாலே பக்கத்துப் பலகைகள் சற்று நகர்வதைக் காணலாம். ஐந்தாறு பலகைக்கு ஒன்று வீதம் கழற்றி வைத்தால் மற்றவை முறியாமல் தப்பும். இறுகிய பலகையின் திருகுகள் வளைந்திருக்கும் என்பதால் மெதுவாக, தலை தேயாமல் கழற்ற வேண்டும்.

மறுபடி அமைக்கப் பலகைகள் மிக விரிந்திருக்கும் காலமே வசதியானது. இனி இதைவிட அகலமாகாது என்ற நிலையில் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி வரும்படி பலகைகளை நகர்த்திவைத்தால் கணக்கே தேவையில்லை. அப்படி நகர்த்தும்போது கடைசிப் பலகைக்கு இடம் போதாமல் போகும். அதன் அகலத்தை மட்டும் குறைத்துவிடலாம், அல்லது ஒவ்வொரு பலகையின் ஒரு விளிம்பிலிருந்தும் வழிகாட்டிச் சட்டத்தில் ஓடும் ரம்பத்தால் தேவையான மில்லிமீட்டரை அறுத்து, கூர்முனையை மழுக்கி, அறுத்த முகத்துக்கு எண்ணெய் பூசலாம். முதல் வழியில் வேலை குறைவு. ஆனால் பலகையின் துளைகள் தாங்குசட்டத்தின் பழைய துளைகளிலிருந்து விலகிவிடும். தாங்குசட்டத்தில் புதிய திருகு பழைய துளைக்குள் சரியாமல் நிற்குமா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நெடுநாள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருந்த பலகைகளின் விளிம்புச் செல்கள் நசுங்கி நிலைத்துவிடுகின்றன. அவை உலரும்போது முன்பிருந்த அகலத்தைவிடக் குறுகியே நிற்கும். ஆகவே சீரமைத்த தளத்தில் வறண்ட காலத்து இடைவெளிகள் முன்பைவிட அகலமாகத் தெரிவது இயல்பு; அதைக் கண்டு பலகைகளை மீண்டும் நெருக்கிப் பொருத்தக் கூடாது.

படி 9: ஓராண்டு அளந்து வைத்தல்

தளத்தில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பலகைகளின் மொத்த அகலம், இடைவெளி, மேற்பக்க ஈரம் ஆகியவற்றை வறண்ட காலத்தில் ஒரு முறையும் ஈரமான காலத்தின் இறுதியில் ஒரு முறையும் குறித்து வைக்க வேண்டும். வெயில் மிகுதியாகப் படும் இடம், நிழலான இடம், பூந்தொட்டி போல ஈரம் தரும் பொருளின் அருகே உள்ள இடம் என்று அவை வேறுபட்டிருக்கட்டும். ஈரமான காலத்து அளவில் ஏதேனும் ஓரிடத்தில் இடைவெளி 2 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால், அந்தப் பகுதியின் அடியை முதலில் பார்க்க வேண்டும். நீர் தேங்கவில்லை, காற்றும் ஓடுகிறது என்றால், அங்கே மட்டும் ஒரு பலகையை அறுத்து மற்றவற்றுக்கு இடம் கொடுத்துவிடலாம்.